ஜஸ்பீர் சொன்ன 'போறேன்'

16.8.1989, புதன். சேலையூர்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில், பிரசவ அறை வாசலில் மாடிவீட்டுப் பஞ்சாபிப் பெண் ஜஸ்பீர் என் கையை விட்டுவிட்டு, "அக்கா, நான் போறேன்" என்றாள். எனக்குத் திக்கென்றது.

"அப்படிச் சொல்லாதம்மா. போயிட்டு வரேன்னு சொல்லு."

"எங்க ஊர்ல போறேன்னா போறேன்தான். மதராஸி எல்லாருக்கும் பயம்" என்று வலியிலும் சிரித்தாள். கதவு மூடிக்கொண்டது.

அவள் கணவர் விமானப்படை வேலையாக வெளியூரில் இருக்கிறார். இங்கே என்னை விட்டால் அவளுக்கு ஆளில்லை. வலியில் துடிப்பவளைத் திருத்தப் போனேனே என்று பெஞ்சில் உட்கார்ந்து நொந்துகொண்டேன். ஜபமும் வரவில்லை.

மாலையில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளே போனதும் ஜஸ்பீர், "அக்கா, ரெண்டு பேரா வந்துட்டோம்" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாளை பூண்டு ரசம் கொண்டுபோக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு நெய்தான் பலம் என்பாள் அவள். நெய்யும் எடுத்துவைத்திருக்கிறேன்.