சூறாவளி செண்பகத்தின் கடைசிப் பக்கம்

என் அன்பு சாரதா அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம். நான் என் வீட்டைப் பூட்டிவிட்டுப் பண்டமாரானில் அண்ணனோடு வந்து இருக்கிறேன். காலைக் காப்பிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தே பழகிய கை, இன்னும் மூன்று கோப்பைதான் எடுக்கிறது. அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுகிறார்.

அவருக்கு எழுபத்தொன்று ஆகிவிட்டது. முட்டிவலியும் கொஞ்சம் மறதியும் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாட்டில்தான் தகராறு. உங்கள் கைப்பக்குவம் எனக்கு வராதாம். நாற்பது வருஷம் உங்கள் சமையலை ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாத மனுஷன், இப்போது என் சாம்பாரை முன்னால் வைத்துக்கொண்டு உங்களுக்குப் பாராட்டு விழா நடத்துகிறார். கேட்க நீங்கள் இல்லையே என்று எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் செண்பகம் திரும்பி வருகிறாள் அண்ணி. சூறாவளி செண்பகம்! பகலில் கிள்ளான் பக்கம் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. யாருக்காவது ஆபத்து என்றால் காற்றை வாரிச் சுருட்டிக்கொண்டு பறந்து போகிறவள். ஆறு வருஷம் வாராவாரம் இரண்டு பக்கம் நீங்கள் வரைந்த நம்முடைய செண்பகம், புத்தகமாக வரப்போகிறாள்.

இதற்கெல்லாம் காரணம் யாழினி என்ற பெண். ஷா ஆலத்தில் இன்ஜினியர். சூப்பர்ஹீரோ காமிக்ஸ் என்றால் அவளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் உயிர். முகமூடியும் மேலங்கியும் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு கண்காட்சிகளுக்குப் போகிற பிள்ளைகள். யாழினியின் அம்மா அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையிலிருந்து செண்பகத்தை வெட்டியெடுத்துத் தைத்து வைத்திருந்தாராம். அதைப் படித்து வளர்ந்தவள், பத்திரிகை மூடின பிறகு பழைய சாமான்களோடு கிடந்த உங்கள் அசல் பக்கங்களை எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டாள். பத்திரிகையில் போட்டிருந்த பேரை வைத்து விசாரித்துக்கொண்டு வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஓவியர் சேகரன் அங்கிள் இருக்கிறாரா என்று கேட்டாள்.

அந்தப் பேர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு தரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இரண்டு பேருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது கிள்ளானில் ஒரு பழைய புத்தகக் கடையில். நீங்கள் கல்யாணமாகி வந்த புதிது. அட்டை கிழிந்த இங்கிலீஷ் காமிக்ஸை மூட்டை மூட்டையாகப் போட்டிருந்தார்கள். நாம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்தோம். வில்லன் கட்டிப்போட்டு வைக்கிற பெண்களைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இவளுக்கு என்ன கை இல்லையா, கயிற்றை அவிழ்க்கத் தெரியாதா என்று திட்டிக்கொண்டே ஒரு நாள் பென்சிலை எடுத்தீர்கள். அப்படித்தான் செண்பகம் பிறந்தாள்.

வரைந்தது நீங்கள். பேச்சுக் கட்டங்களுக்குள் எழுத்து எழுதியது நான். அண்ணன் அப்போது துறைமுகத்தில் கணக்கெழுதுகிற கிராணி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பக்கங்களை மோட்டார் சைக்கிளில் எடுத்துப்போய்ப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த பத்திரிகை ஆபீசில் கொடுப்பது அவர் வேலை. கொண்டுவந்த ஆள்தான் வரைந்த ஆள் என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார். முதல் வாரமே ‘ஓவியம்: சேகரன்’ என்று போட்டுவிட்டார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அண்ணன். அந்த அடுத்த வாரம் கடைசி வரைக்கும் வரவில்லை.

அப்புறம் சொல்வதும் கஷ்டமாகிவிட்டது. வாசகர் கடிதமெல்லாம் சேகரன் பேருக்கே வந்தது. செண்பகத்தின் சட்டையைக் குட்டையாக்குங்கள், குதிகால் செருப்பு போடுங்கள் என்று எத்தனை ஆம்பிளைகள் எழுதினார்கள்! நீங்கள் படித்துவிட்டு அந்தக் காகிதத்தால் அடுப்பைத் துடைப்பீர்கள். அவள் ரப்பர் பூட்ஸைக் கடைசி வரைக்கும் கழற்றவில்லை. சட்டையில் இரண்டு பெரிய பாக்கெட்டும் வைத்தீர்கள்.

நீங்கள் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையில், சரக்கை எடுத்துப் போய்விடுவார்கள் என்று யூனிஃபார்மில் பாக்கெட்டே வைக்காமல் தைத்துக் கொடுத்திருந்தார்கள். சாவி, தைலம், பஸ் சில்லறை எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பீர்கள். "பறக்கிறவளுக்கும் வீட்டுச் சாவி வைக்க ஒரு எடம் வேணும்ல, மல்லிகா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்கள். அண்ணன் அப்போது வெளியே மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார்.

யாழினி வந்த அன்றைக்கு நிறையச் சொன்னாள். வெள்ளைக்காரர்கள் ஊரிலும் இதே கதைதானாம். ஆம்பிளைப் பேரில் வரைந்த பெண்கள், பேரின் முதல் எழுத்தை மட்டும் போட்டு மறைந்துகொண்ட பெண்கள். யுத்தத்துக்கு ஆண்கள் போனபோது இவர்களைக் கூப்பிட்டு வரையச் சொன்னார்களாம். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பல பேருக்கு வேலை போய்விட்டதாம். வர்ணம் தீட்டியவர்கள், எழுத்து எழுதியவர்கள் பேரெல்லாம் பழைய புத்தகங்களில் தேடினாலும் கிடைக்காது என்றாள். போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து பார்த்து, செண்பகத்துக்கு எழுத்து எழுதினது யார் ஆன்டி என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். என் ஆயுசில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார் அண்ணி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பேரும் அட்டையில் வரவேண்டும் என்றாள். உங்கள் பேர் இல்லாத அட்டையில் என் பேர். அப்போதே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணன் முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தட்டைப் பார்த்தேன்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் ரசிகர்கள் கூட்டம் வைத்தார்கள். அண்ணி, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆறேழு பெண்பிள்ளைகள் செண்பகம் வேஷத்தில் வந்திருந்தார்கள். அதே வெளிர்நீலச் சட்டை, அதே ரப்பர் பூட்ஸ். ஒருத்தி பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் படம் பிடித்தாள், பிடித்துவிட்டுத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். நான் ஓரமாகப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

அண்ணனை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொன்னார்கள். வேஷம் போட்ட பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து, அந்தக் காலத்தில் எந்த ஹீரோயினுக்கும் இப்படிப் பாக்கெட் பார்த்ததில்லையே, நீங்கள் மட்டும் ஏன் வைத்தீர்கள் அங்கிள் என்று கேட்டாள்.

அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் என்னைத் தேடினார். முதல் வரிசையில் இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "வரைஞ்சது நான் இல்ல. என் சம்சாரம் சாரதா. அவளத்தான் கேக்கணும். அவ போயிட்டா."

பொன்னாடையை எடுத்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தார். யாரும் கை தட்டவில்லை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பொண்டாட்டி உழைப்பைத் திருடியவன் என்று போனில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுவாரம் யாழினி திரும்ப வந்தாள். கையில் தொடரின் கடைசிப் பக்கம். கடைசிக் கட்டத்தின் மூலையில் வெள்ளை மை திட்டாகக் காய்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அடியில் உங்கள் கையெழுத்து, சாரதா என்று. யார் அழித்தது என்று கேட்டாள்.

அண்ணன் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நாந்தான் அழிச்சிருப்பேன் லா," என்றார். "வேற யாருக்கு அது தேவை?"

அவர் அழிக்கவில்லை. அப்படி ஒரு கையெழுத்து இருந்ததே அவருக்குத் தெரியாது. அழித்தது நான்.

தொடர் முடிகிற வாரம், யாரிடமும் சொல்லாமல் மூலையில் பேரைப் போட்டு, எழுத்து எழுத என்னிடம் கொடுத்தீர்கள். வாய்க்குள் ஒரு சிரிப்பு வேறு. நான் பார்த்துச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தீர்களா? இத்தனை வருஷமும் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிவந்தேன். அண்ணனுக்குத் தலைகுனிவு, ஊர் பேசும், குடும்ப மானம் என்று. அத்தனையும் பொய். செண்பகம் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் என் கையால் எழுதினது. உங்கள் பேருக்கு இடம் கண்டுபிடித்த நீங்கள், பக்கத்தில் என் பேருக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமே என்று எனக்கு வயிறு எரிந்தது. பிழை திருத்துகிற வெள்ளை மை கையிலேயே இருந்தது. இரண்டு இழுப்பு இழுத்தேன், முடிந்துவிட்டது.

பத்திரிகை வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள். மடித்து வைத்தீர்கள். அண்ணன் முகத்தை ஒரு தரம் பார்த்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை. அடுத்த தொடர் வேண்டும் என்று ஆசிரியர் இரண்டு முறை சொல்லியனுப்பினார். கை வலிக்கிறது என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு கோடுகூடப் போடவில்லை.

அவர்தான் அழித்தார் என்று நினைத்துக்கொண்டே அத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டீர்களா அண்ணி? ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? இல்லை, நான்தான் என்று தெரிந்தே விட்டுவிட்டீர்களா? ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் விரல்களைத் தடவிக்கொண்டே படுத்திருந்தீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கஞ்சி குடிக்கிறீர்களா என்று கேட்டேன் பாருங்கள், அவ்வளவுதான் என் தைரியம்.

இப்போது அண்ணன் தினமும் என்னிடம் கேட்கிறார். "நான் அழிச்சதாலதான் அவ வரையறத விட்டாளா, மல்லிகா?" என்று கேட்டுவிட்டு, செய்யாத தப்புக்கு உட்கார்ந்து அழுகிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுக்கிறேன். என்ன ஜென்மம் நான் என்று எனக்கே தோன்றுகிறது.

அட்டையில் உங்கள் பேர் வரும். தன் பேரை எங்கேயும் போடவேண்டாம் என்று அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார். என் பேரைப் பற்றி யாழினி கேட்டாள், பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். புத்தகத்தின் முன்னால் போட ஓவியரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் ஆன்டி என்றாள். அந்த நாலு பக்கம்தான் இது. பெண்களின் பேரை ஆண்கள் எப்படியெல்லாம் மறைத்தார்கள் என்று அந்தப் பிள்ளைகள் எழுதப்போகிறார்கள். எழுதட்டும், நியாயம்தான். இந்த வீட்டில் உங்கள் பேரை அழித்தது உங்களோடு உட்கார்ந்து வேலை செய்த ஒருத்தி என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

அச்சுக்குப் போகிறதற்கு முன்னால் இதைக் கேட்கவேண்டியவர் ஒருவர் இருக்கிறார். நாளைக் காலை அண்ணன் பசியாறி முடித்ததும், எதிரில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு அவர் என்னை இங்கே வைத்துக்கொண்டாலும் சரி, வீட்டைவிட்டுப் போ என்றாலும் சரி. உங்கள் புருஷனை இனி ஒரு நாள்கூட என் தப்புக்காக அழவிட மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
மல்லிகா