கண்ணாடி மீன் கதையின் முடிவு

பழவேற்காடு
6-1-1988

அன்பு மகன் ஆதிகேசவனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் நைனாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். பம்பாயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். உன் தம்பி வடிவேலு சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கடையில் வைத்துப் படிக்காதே, ரூமுக்குப் போய்ப் படி.

நீ வேலை பார்க்கிற கேசட் கடையில் கிடைத்ததென்று அனுப்பிய வீடியோ கேசட் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் பஞ்சாயத்து ஆபீஸ் டிவியில் பார்த்த அந்தக் கண்ணாடி மீன் பொம்மைப்படம், தம்பி பார்த்தால் சிரிப்பான் என்று எழுதியிருந்தாய். நீ கடைசிவரை போட்டுப் பார்த்தாயா இல்லையா? பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய். மேலத்தெருக் கல்யாணத்துக்குப் பொன்னேரியிலிருந்து வீடியோ டெக் எடுத்து வந்து சினிமா போட்டார்கள், திருப்பி அனுப்புவதற்குள் கெஞ்சிக் கூத்தாடி உன் கேசட்டைப் போடச் சொன்னேன். ஐப்பசியில் முகத்துவாரத்தில் இவர்கள் போன படகு கவிழ்ந்து கூட்டாளி வேணு தண்ணீரோடு போன நாளிலிருந்து வடிவேலு யாரிடமும் வாய் திறக்கவில்லை, படகுப் பக்கமும் போகவில்லை, இதைப் பார்த்தாவது முகம் மலராதா என்றுதான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

முதலில் நன்றாகத்தான் பார்த்தான். அந்த இரண்டு பையன்களும் கண்ணாடி மீனுக்குள் உட்கார்ந்து ஏரிக்கு அடியில் போகிற இடத்தில் லேசாகச் சிரித்தான்கூட. கடைசியில் மீன் உடைந்துவிடுகிறது, கூட்டாளிக்குக் கால் பாசியில் சிக்கிக்கொள்கிறது, இன்னொருவன் கையைப் பிடித்து இழுக்கிறான், முடியவில்லை, அந்தப் பிள்ளையே விரல்களை விடுவித்துக்கொண்டு கீழே போய்விடுகிறது, இவன் மட்டும் மேலே வருகிறான். நான் டெக்கை நிறுத்தச் சொல்வதற்குள் வடிவேலு எழுந்து, இது தப்பு, மாத்தி வச்சிக்கிறானுங்க, அண்ணன் சொன்னதுல கூட்டாளியோட முடியைப் புடிச்சி மேல தூக்கிடுவான்னு கத்தினான். வீட்டுக்கு வந்ததும் மூன்று மாதமாகச் சொல்லாததைச் சொன்னான். நான் கையைத்தாம்மா புடிச்சேன், முடியைப் புடிச்சிருந்தா வேணு வந்திருப்பான், தெரிஞ்சிருந்தும் வுட்டுட்டேன்னு சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். வேணுவின் கால் வலையில் சுற்றிக்கொண்டிருந்தது என்று தூக்கினவர்களே சொன்னார்களே, முடியைப் பிடித்தால் மட்டும் எப்படி வரும்? சொன்னால் காதில் ஏறவில்லை.

அந்த முடிவு நீயாகக் கட்டினது என்று எனக்குத் தெரியும். டிவியில் பாதியிலேயே அந்தப் புரியாத பாஷைத் தொடரை நிறுத்திவிட்டார்கள், ஊரில் ஒருவருக்கும் கவலையில்லை, சினிமாப் பாட்டு வந்தால் போதும் அவர்களுக்கு. இவன்தான் சோறு வேண்டாமென்று அழுதான். அவனுக்கு ஊட்டிக்கொண்டே நீ வாய்க்கு வந்ததைச் சொன்னாய், நான் பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டு கேட்டேன், நடுவில் இரண்டு தடவை பெயரைக்கூட மாற்றிச் சொன்னாய். இதை எடுத்துச் சொன்னால், அண்ணனுக்கு அந்த பாஷை தெரியும், உனக்கு இன்னா தெரியும்னு என்னிடம் பாய்கிறான். உனக்கு என்ன பாஷை தெரியும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா! ஆனால் அவன் இன்றைக்கும் உன் பேச்சை மட்டும்தான் நம்புகிறான்.

தை அமாவாசை கழித்து மறுநாள் ஏரியில் மீன் பிடிக்க நம் வீட்டுப் பாடு முறை வருகிறது. போன வருஷம் நைனா முறையை இவன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார், பெயர் உள்ளவன்தான் படகேறி வலை கட்ட முதல் கழி நடவேண்டும், வராவிட்டால் ஊர்க் கூட்டத்தில் பெயரை எடுத்துவிடுவார்கள். நைனா கண்புரையோடு நான் போகிறேன் என்று குதிக்கிறார், ஊர் ஒத்துக்கொள்ளாது. பாடு போனால் போகட்டும் என்றுகூட நான் இருந்துவிடுவேன், ஆனால் இவன் பொழுது சாய்ந்தால் முகத்துவாரத்துக்குப் போய் நிற்கிறான், அவன் தண்ணீரைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. தினமும் கொஞ்சம் தள்ளி நானும் போய் நிற்கிறேன்.

அதனால் நீ இதைப் படித்த கையோடு தந்தி அடி. கடிதம் வேண்டாம், நாள் ஆகும். முடிவு நானாகச் சொன்னது, அந்தக் கதை எனக்குத் தெரியாது என்று அவன் பெயருக்கே அடி. தந்தி என்றாலே இங்கே சாவுச் சேதி என்று தெருவே கூடிவிடும், அதற்குத் தயங்காதே, நான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அன்றைக்கு நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, ஓட்டலில் கண்டதைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் தீர்க்காயுசாக இரு. தபால்காரர் வந்துபோகிற வரைக்கும் வெளியிலேயே இருக்கிறேன், சமையல்கூட அங்கேதான்.

இப்படிக்கு
உன் தந்திக்குக் காத்திருக்கும் அம்மா
பொ. கன்னியம்மாள்