வாடாத தக்காளி

ஜூலை 8

காலையிலேயே வெயில். இன்று மின்தடை, ஆய்வுக்கூடத்தில் ஐஸ் பெட்டி நிரப்ப வேண்டும்.

தொட்டிகளில் ஒரு தக்காளிச் செடிகூட வாடவில்லை. வாடியிருக்க வேண்டும்.

திருப்புட்குழியிலிருந்து அண்ணி போன். "செடி பொழைச்சா நல்லதுதானேமா?" விளக்கினேன்: வாடல் நோய்ப் பாக்டீரியாவில் ஒரு மரபணுவை நீக்கினேன், செடி வாடவில்லை. அதுதான் நோய்க்குக் காரணம் என்று கட்டுரையும் எழுதியாயிற்று. அதே மரபணுவைத் திரும்ப வைத்தால் வாட வேண்டும். வாடவில்லை. "அப்போ காரணம் வேறயோ இன்னாவோ" என்றாள். அதேதான்.

ஜூலை 9

மாலை 4 மணி. சார், என் ஆய்வு வழிகாட்டி, கூப்பிட்டார்.

"அந்தக் கடைசிப் பரிசோதனை கட்டுரையில வேணாம். இதழுக்கு அனுப்பணும், கையெழுத்து போட்டுட்டுப் போம்மா."

"போட மாட்டேன் சார்."

"இதுதான் உன் பி.எச்.டி. இது போனா கையில ஒண்ணும் இல்ல. தெரியுதா?"

தெரிந்துதான் சொன்னேன். வெளியே வந்து நேரே தொட்டிகளிடம் போனேன். கோபம். கொஞ்சம் பயமும்.

ஜூலை 11

பாக்டீரியா வளர்க்கும் பழைய தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வீரியமுள்ள பாக்டீரியா வெள்ளையாய், கொழகொழவென்று வளரும். நான் மரபணு நீக்கியது சின்னதாய், காய்ந்து, கருஞ்சிவப்பாய்.

தட்டிலேயே நெடுநாள் கிடந்தால் வேறொரு மரபணு தானாகக் கெட்டு வீரியம் போய்விடும். பாடத்திலேயே உண்டு. ஃப்ரீசர் கெட்டதிலிருந்து தட்டுக்குத் தட்டு மாற்றித்தானே வளர்க்கிறோம்! நான் தொட்டபோதே அது பல் பிடுங்கிய பாம்பு.

புதுசு வேண்டும். வயலிலிருந்து.

ஜூலை 13

திருப்புட்குழி. தூறல். செருப்பு அறுந்தது.

அண்ணன் தோட்டத்தில் ஒரு செடி வாடியிருந்தது. தண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் பிடித்தேன். உள்ளிருந்து பாக்டீரியா வெள்ளையாய் இறங்கியது.

"இன்னாமா, கஞ்சி மாதிரி எறங்குது?" அண்ணி.

"என் செடி செத்தா இவ சிரிச்சிக்கினு நிக்கிறா பாரு." அண்ணன்.

சிரித்தேன்தான்.

ஜூலை 29

புதிய பாக்டீரியாவில் அதே மரபணுவை நீக்கியாயிற்று. தட்டில் வெள்ளை, கொழகொழ. தொட்டிகளில் ஊற்றினேன்.

சார் எட்டிப் பார்த்தார். "வீண் வேலை." இன்னொரு தொட்டியிலும் ஊற்றினேன்.

வாங்க: கையுறை, ஸ்பிரிட், புதுச் செருப்பு.

ஆகஸ்ட் 7

எல்லாத் தொட்டியிலும் செடி வாடிவிட்டது. மரபணு இல்லை, நோய் இருக்கிறது. கட்டுரை தவறு. என் இத்தனை வருட வேலையும் போயிற்று. அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. கேன்டீனில் இரண்டு இட்லி.

பிறகு ஒரு தொட்டியை ட்ரேயோடு தூக்கிக்கொண்டு போய் சார் மேசையில் வைத்தேன். தொங்கிய இலையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"நாளைக்குத் துறைக் கூட்டத்துல எல்லாருக்கும் காட்டப்போறேன் சார்."

"உன் பேரும்தான்மா கெடும்."

"கட்டுரையில மொத பேரே என்னுதுதான் சார். அப்போ நான்தானே சொல்லணும்."