வெற்றுப் பாட்டிலில் உன் கை

இன்றைக்குக் காலையில் திரையில் நீ வந்து நின்றாய். பயந்துபோனேன்.

வேலை தொடங்கும் முன் வெற்றுப் பாட்டில் ஒன்றை, கொழுப்பைப் பிரித்துத் திரையில் கோடாகக் காட்டும் இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்போமே, அதில் கோடு தட்டையாகத்தான் வர வேண்டும். இன்று ஒரு கூம்பு எழுந்தது, மனிதத் தோலின் எண்ணெய் எழும் இடத்தில். ஒரகடத்தில் நம் ஆய்வுக்கூடத்தில் அந்த இடத்துக்கே உன் பெயர்தான். நீ காய்ச்சலில் இறந்துபோய் மூன்று மாதமாகிறது. பாட்டிலோ நேற்றுப் பிரித்த புதுப் பெட்டியில் எடுத்தது.

கார் கம்பெனி லைனிலிருந்து வந்தவள் நீ. அங்கே ஷிப்டு தொடங்கும்போது கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வீர்களாம். இங்கேயும் நாளின் முதல் பாட்டிலை, கையுறை மாட்டும் முன்பே, வாய்ப்பக்கம் பிடித்து எடுத்து ஒற்றிக்கொள்வாய். வடதுருவக் கடலடிச் சேறு முதன்முதலாக வந்த அன்று உனக்கு விளக்கினேன்: கடல்பனிக்குள் வாழும் பாசி செத்தாலும் அதன் கொழுப்பு சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும், அது இருந்தால் அங்கே பனி இருந்திருக்கிறது. "இன்னாடி சொல்ற? செத்தும் காட்டிக் குடுத்துகினு கீதா?" என்று சிரித்தாய். அன்று உன் விரல் எண்ணெயும் சேர்ந்து ஒரு சாம்பிள் பாழானது. எல்லார் முன்னும் உன்னைத் திட்டினேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

நீ போனபின் துருவச் சேறு வந்தது இன்றுதான். இரண்டே கரண்டி, கெட்டால் வேறு கிடையாது. வெற்றுப் பாட்டில் சுத்தமாக வராமல் அதைத் தொட முடியாது. இரண்டாவது பாட்டிலிலும் நீ வந்தாய். மூன்றாவதை எடுத்தபோது கதவருகே நின்ற சூப்பர்வைசர் கேட்டார்: "இன்னா மேடம், நீங்களும் ஒத்திக்க ஆரம்பிச்சிட்டீங்க?"

பாட்டில் என் கண்ணருகே இருந்தது. கையில் உறை இல்லை. எப்போது தூக்கினேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு நாலாவதை ஓட்டினேன். கோடு தட்டையாக வந்தது. நீ இல்லாத அந்தக் கோட்டைப் பார்த்து அழுதுவிட்டேன். பிறகு சேற்றை ஓட்டினேன். பாசியின் கொழுப்பு தெளிவாக எழுந்தது. அந்தக் கடலில் பனி இருந்திருக்கிறது.

கிளம்பும் முன் காலி பாட்டில் ஒன்றை வெறுங்கையால் எடுத்து, கண்ணில் ஒற்றி, மூடினேன். பெயர்ச்சீட்டு ஒட்டாமல் எதையும் வைக்கக் கூடாதே, உன் பெயரை எழுதி ஒட்டினேன். என் மேசை டிராயரில் இருக்கிறது. அதை மட்டும் ஓட்டிப் பார்க்கப் போவதில்லை.