பத்து விரல்கள்

காட்டு விகாரை, வாரின்
புத்த ஆண்டு 2535, ஏப்ரல் 2

அன்புள்ள லம்துவான் அக்காவுக்கு,

இந்த முறை நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். போன கடிதத்தில் 'அம்மா நலம்' என்று எழுதியிருந்தேன். அது பொய். அம்மா சரியாகச் சாப்பிட்டே இரண்டு மாதமாகிறது.

பிப்ரவரியில் அப்பாவின் எலும்புகள் இந்த விகாரைக்கு வந்துவிட்டன. இறந்த பிறகு உடம்பு ஆஸ்பத்திரி மாணவர்களின் படிப்புக்கு, எலும்புக்கூடு விகாரைக்கு என்று அப்பா எழுதிக் கொடுத்திருந்தார் அல்லவா, அதன்படி. தியானம் செய்பவர்கள் அதைப் பார்த்து, உடம்பு என்பது இவ்வளவுதான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். "கருவாடு மாதிரித் தொங்கப் போறீங்களா?" என்று அவரோடு சண்டை போட்டுவிட்டுத்தான் நீ பாங்காக் போனாய். அவர் தொங்கவில்லை, அக்கா. பெண்கள் தியானம் செய்யும் மண்டபத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நேராக நிற்கிறார். 'தோங்பாய், நெல் ஆலைத் தொழிலாளி, வயது 47' என்று பக்கத்துச் சுவரில் பலகை.

கோடை விடுமுறை என்பதால் அம்மா என்னையும் அழைத்து வந்திருக்கிறாள். பதினைந்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். இரண்டு பேரும் வெள்ளை உடுத்தியிருக்கிறோம். மதியத்துக்குப் பிறகு சோறு கிடையாது. எங்களுக்குச் சொல்லித் தருபவர் மேச்சி சம்ரான், தலை மழித்த துறவி அம்மாள். எந்த வேதனை வந்தாலும் விலகி ஓடாமல் அதன் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டு அதையே பார்க்க வேண்டும். முழங்கால் வலித்தால் 'வலி, வலி, வலி'. நான் நேற்றுச் சாயங்காலம் முழுக்க 'பசி, பசி' என்று சொல்லிப் பார்த்தேன். பசி போகவில்லை. மேச்சியிடம் சொன்னேன். "போகச் சொல்லி யாருடி சொன்னா? பாக்கத்தானே சொன்னேன்" என்றார்.

அம்மா பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நீயும் ஒரு வரி எழுது. அவளுக்கு எழுதாவிட்டாலும் எனக்கு எழுது.

உன் தங்கை,
பிகுல்


காட்டு விகாரை
ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா என்னோடு பேசுவதில்லை. கோபமில்லை. முந்தாநாள் பக்கத்தில் போய், "அம்மா, காது வலிக்குது" என்றேன். திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து கேட்டேன். 'கேட்கிறது, கேட்கிறது, கேட்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் குரலை ஒரு சத்தமாகக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

மேச்சி சம்ரான் சிரிக்கிறார். "புதுசா வர்றவங்க பண்ற தப்புதான் இது. போன வருஷம் ஒருத்தி, புருஷன் வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டதுக்கு 'சத்தம், சத்தம்'னு உக்காந்திருந்தா. அந்தாளு வேற கல்யாணமே பண்ணிக்கிட்டான்." மற்ற பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். குழல் விளக்கு எரியும்போது அம்மாவின் முகம் பெட்டியின் கண்ணாடியில் தெரிகிறது. அவள் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால் போய் நின்றால் அந்த முகம் மண்டையோட்டின்மேல் கச்சிதமாகப் படிகிறது. அம்மாவின் உதடு அசையும்போது அதன் பற்களுக்கு மேலே உதடு அசைகிறது. பெட்டிக்குள்ளிருந்துதான் யாரோ 'கேட்கிறது' என்று சொல்வது போலிருந்தது. அன்றிலிருந்து அந்த இடத்துக்கு நான் போவதில்லை.

முக்கியமானதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். இன்று காலை பெட்டியைத் துடைக்கும் வேலை எனக்கு. அப்பாவுக்கு இடது ஆள்காட்டி விரலில் பாதிதானே இருந்தது, ஆலை யந்திரம் எடுத்துக்கொண்ட விரல்? இந்தக் கையில் அது முழுசாக இருக்கிறது. மூன்று முறை எண்ணினேன். பத்து விரல்கள். எல்லாவற்றுக்கும் நுனி எலும்பு இருக்கிறது.

இது அப்பா இல்லை, அக்கா. அம்மாவுக்குத் தெரியாது. நான் என்ன செய்யட்டும்?

பயத்துடன்,
பிகுல்


பாங்காக்
ஏப்ரல் 15

என் பிகுல் குட்டிக்கு,

புத்தாண்டுக்காக எல்லாரும் தெருவில் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள். நான் அறையைச் சாத்திக்கொண்டு உன் கடிதத்தையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே சொல்லிவிடு. அது அப்பா இல்லை என்றால் அம்மாவுக்கு அங்கே என்ன வேலை? மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் வீட்டுக்கு வந்தால் நானும் வருகிறேன், சத்தியமாக. அந்த மண்டபத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே.

அப்பா கடைசியில் இரண்டு முறை சொல்லியனுப்பியும் நான் வரவில்லை. உண்மையை எழுதுகிறவள் அதையும் எழுதிவைத்துக்கொள். தையல் ஆலையில் எனக்குச் சட்டைக் கை தைக்கும் பிரிவு. உன் கடிதம் வந்ததிலிருந்து ஒவ்வொரு கையையும் தைத்து முடித்ததும் அழுத்திப் பார்க்கிறேன். உள்ளே யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது. பக்கத்து மிஷின்காரி, "என்னக்கா, சட்டைக்கு நாடி பாக்குறியா?" என்கிறாள்.

சொல்லிவிடு.

அக்கா,
லம்துவான்


காட்டு விகாரை
ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். "அம்மா, இது அப்பா இல்ல. கையைப் பாருங்க" என்றேன். 'கேட்கிறது' என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். கண்ணைத் திறந்து அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள்.

விகாரையின் தலைமைப் பிக்குவிடம் போனோம். லுவாங்போ என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தப்பு எங்க மேலதாம்மா. போன மாசம் தரை தேய்க்க ரெண்டு மண்டபத்துப் பெட்டியையும் வெளிய எடுத்தோம். மாத்தி வச்சிட்டோம். பலகைதான் சுவத்துல இருக்கே, பெட்டியை யாரு பாத்தா? ஆம்பளைங்க மண்டபத்துல 'பெயர் தெரியாத பெண்'னு பலகை. அவங்க ஒரு மாசமா உங்க வீட்டுக்காரரைப் பொம்பளைன்னு நெனச்சுப் பாத்துக்கிட்டிருக்காங்க."

ஆண்கள் பிச்சைக்குப் போயிருந்த நேரத்தில் எங்களை அங்கே அழைத்துப் போனார்கள். அப்பா அங்கே இருந்தார். பாதி விரலோடு. அம்மா தரையில் விழுந்து, வாய்விட்டு அழுதாள். உண்மையை எழுதுகிறேன், அவள் அழுததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்ததும் "பிகுல், பையை எடுத்து வை" என்றாள். என் பெயர் அவள் வாயில் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. சொன்ன பதினைந்து நாள் எப்போதோ தாண்டியிருந்தது. துணிகளை மடித்து வைத்தேன். சாயங்கால வண்டிக்கு லுவாங்போ சொல்லி அனுப்பினார். பெட்டிகளை நாளைக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

"பெட்டிக்குள்ள இருக்கற அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்று அம்மா எங்கள் மண்டபத்துக்குள் போனாள். வண்டி வந்து, காத்திருந்து, போய்விட்டது. நான் உள்ளே போனேன். பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, வண்டி போயிடுச்சு."

"தெரியும்டி. சத்தம் கேட்டுச்சு."

"அப்பா அங்கல்ல இருக்காரு?"

"அங்க உக்காந்தா உங்கப்பா போனதுதான் தெரியுது. அழறேன், அழுதா கொஞ்சம் லேசாயிடுது. இங்க உக்காந்தா நான் போறது தெரியுது."

"பயமா இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் எந்திரிக்க முடியல."

நாளைக்கு மாற்றினாலும் இந்தப் பெண் போகும் மண்டபத்து வாசலில் உட்காருவேன் என்றாள். லுவாங்போ, பெட்டிகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், பலகைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் வைசாகப் பௌர்ணமியன்று அம்மா தலை மழித்துக்கொள்கிறாள். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறக்கிறது. என்னைப் பாங்காக்கில் உன்னோடு தங்கிப் படிக்கச் சொல்கிறாள். நீ சொல்லச் சொன்ன உண்மையைத்தான் நான் சொன்னேன், அக்கா. அது அவளைக் கூட்டி வரவில்லை. உன்மேல் கோபமில்லை.

மழிக்கும்போது விழும் முடியைத் தாமரை இலையில் வீட்டார் ஏந்த வேண்டும். பெரிய இலை, இரண்டு பேர் பிடித்தால்தான் கவிழாது என்கிறார் மேச்சி சம்ரான். ஒரு பக்கம் நான் பிடிப்பேன். மறுபக்கம் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று இன்றைக்குக் கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். நீ வராவிட்டால் அது நான் சொன்ன இரண்டாவது பொய் ஆகும்.

மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வரும் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். மற்ற பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மா மட்டும் இருக்கிறாள். அவள் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவது போல.

"உன் பேரு என்னம்மா?" என்கிறாள்.

நான் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "ஓ, அப்படியா" என்றாள்.

மேச்சி வந்து விளக்குகளை அணைத்துவிட்டார்.