காலெலும்புத் தாடையும் திருகாணிப் பல்லும்

மார்ச் 4, செவ்வாய்

சந்தைக்குப் போனேன். வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் நின்று மச்சினன் ஏலம் விடுவதைக் கேட்டேன். ஏலமா அது? இரங்கல் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பதுபோல் விலையை வாசிக்கிறான். ஒருவர் கையைத் தூக்கினார். இவன் கூவுவதை நிறுத்திவிட்டு, "அண்ணே, கேட்டீங்களா, இல்ல தலையைச் சொறிஞ்சீங்களா?" என்று விசாரிக்கிறான். கை தூக்கினால் தூக்கினதுதான். நான் மேடையில் நின்ற காலத்தில், கொட்டாவி விட்டுச் சோம்பல் முறித்தவன்கூட மூட்டையைச் சுமந்துகொண்டுதான் போனான்.

என்னைப் பார்த்ததும், "நீங்க வர்ற வரைக்கும்தான் மாமா" என்றான். நல்ல பையன். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 7

பல் டாக்டரிடம் போனோம். சின்னப் பெண். வாயைத் திறந்தால் திருகாணியைப் பற்றித்தான் பேச்சு. அதனால் திருகாணி என்றே பெயர் வைத்துவிட்டேன். போன வருஷம் என் கீழ்த்தாடையைக் கட்டியோடு வெட்டியெடுத்துவிட்டு, காலெலும்பைத் துண்டு போட்டுத் தாடையாக்கிப் பொருத்தினார்கள். அந்த எலும்பில் ஏற்கெனவே திருகாணி இறக்கியாயிற்று. இனி அதன்மேல் பல்வரிசையை மாட்டப்போகிறார்களாம்.

"சும்மா ஒரு பல்செட்டு குடுத்தா போயிடுவேனே" என்றேன். அதாவது, அப்படிச் சொன்னதாக நான் நினைத்தேன். வெளியே வந்தது வெறும் காற்று. மனைவி எடுத்துச் சொன்னாள்.

"ஈறு இருந்தாத்தானே சார் பல்செட்டு உக்காரும்? உங்க வாய்க்குள்ள இருக்கறது கால் தோலு."

உண்மைதான். அந்தத் தோலில் முடிகூட முளைக்கிறது. தலையில் கொட்டியது வாயில் முளைக்கிறது. ஆண்டவனுக்கு விலாசம் மாறிப்போச்சு.

கீழுதட்டில் உணர்ச்சி கிடையாது. எச்சில் வழிந்தால் எனக்குத் தெரியாது. மனைவி தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவாள், நான் துடைத்துக்கொள்வேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் சண்டையில்லாமல் பேசிக்கொள்ளும் ஒரே பாஷை இது.

மார்ச் 19

மெழுகில் பல் பதித்து மாட்டிப் பார்த்தார்கள். "பேசறப்ப பல்லு இடிக்குதான்னு பாக்கணும், அறுபதுலேருந்து எழுபது வரைக்கும் எண்ணுங்க சார்" என்றது திருகாணி. ஆஸ்பத்திரியாச்சே என்று, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எண்ணினேன். "அருமை சார்." இவ்வளவு படித்துவிட்டு, எனக்கு எண்ணத் தெரியும் என்று கண்டுபிடித்திருக்கிறது.

ஏப்ரல் 2

பல் ஏறிவிட்டது. மனைவி ஆப்பிளைக் காகிதம் மாதிரி சீவிக்கொண்டு வந்தாள். "முழுசாக் குடு" என்றேன். கடித்தேன். அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அங்கே கழுவுவதற்கு ஒரு பாத்திரமும் இல்லை.

ஏப்ரல் 3

சந்தைத் தலைவர் வந்தார். "திங்கக்கிழமை ஏறிப் பாருங்க. சரிப்படலன்னா மச்சினனையே நிரந்தரமாப் போட்டுடறோம்." ஏறிப் பார்க்கணுமாம்! என் மேடையில் நான். — பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

மானம் போச்சு.

முதல் மூட்டைக்கு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். விலை ஏற ஏற வேகம் பிடித்ததும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மோதி டக் டக் டக்கென்று ஒரே சத்தம். விலை ஒருத்தர் காதிலும் விழவில்லை. "அண்ணே, வாய்க்குள்ள யாரு டைப் அடிக்கறது?" என்று ஒரு கேரட் வியாபாரி கேட்டான். அவன் முகத்துக்கு ஜோக் வேறு. சந்தையே சிரித்தது. மச்சினன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "கொஞ்ச நேரம் நான் பாத்துக்கறேன் மாமா" என்றான். அவனும் சிரித்திருக்கலாம்.

திருகாணியாம், பல்லாம்.

ஏப்ரல் 8

இனி எங்கேயும் போகமாட்டேன்.

ஏப்ரல் 9

மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். திருகாணி மறுபடியும் எண்ணச் சொன்னது. எண்ணினேன். "சத்தமே வரலையே சார்?"

மனைவி பொறுமையிழந்தாள். "இந்த மனுஷன் பொறந்ததுலேருந்து இப்படி எண்ணினதில்ல டாக்டர். ஏலம் விடறவரு."

திருகாணி என்னைப் பார்த்தது. "அன்னைக்கே ஏன் சார் அப்படி எண்ணிக் காட்டல?"

"ஆஸ்பத்திரில கத்தலாமா?"

"எனக்கும் கேக்கத் தோணல பாருங்க. சரி, இப்ப ஏலம் விடுங்க."

மல்லாந்து படுத்துக்கொண்டு, விளக்கைப் பார்த்து என்னத்தை ஏலம் விடுவது? ட்யூப்லைட்டையா? வாயே வரவில்லை. "அப்ப நான் சந்தைக்கு வர்றேன்" என்றது. வந்து கிழிக்கும்.

ஏப்ரல் 11

வந்தது. விடியுமுன்னே, முட்டைக்கோஸ் சருகை மிதித்துக்கொண்டு. எனக்காக மச்சினன் ஒரு மூட்டையை விட்டுக்கொடுத்தான். கூவினேன். டக் டக். திருகாணி என் வாயையே உற்றுப் பார்த்தது. பிறகு சொன்னது: "வேகம் புடிச்சா உங்க தாடை மேல ஏறுது சார். மெதுவா எண்ணினப்ப ஏறல. அந்த மெதுவான வாய்க்குப் பல்லு செஞ்சிட்டேன். பல்லோட உயரத்தைக் குறைக்கணும்."

செய்த தப்பைத் தானே சொல்கிறது. பாதித் தப்பு என்னுடையது என்பதை நான் சொல்லவில்லை. இங்கே எழுதியதோடு சரி.

ஏப்ரல் 18, வெள்ளி

டாக்டர் பல்வரிசையைக் கழற்றி, இழைத்து, நேற்று மறுபடி மாட்டிவிட்டார். இன்று காலை பார்க்கவும் வந்துவிட்டார், தலைவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு.

முட்டைக்கோஸ், மூன்று மூட்டை. ஆரம்பித்தேன். வேகம் பிடித்தது. சத்தம் இல்லை. இன்னும் வேகம். என் குரல் கடைசி வரிசைக் கடைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அப்போது கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. விலை சொன்னேன். அதற்குமேல் கேட்க ஆளில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

டாக்டரின் கை.

"ஐயோ சார், சத்தம் வரல, போதும்னு சொல்லத்தான் தூக்கினேன்."

"தூக்கினா தூக்கினதுதான் டாக்டர்."

தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திங்கக்கிழமையிலேருந்து நீங்களே நில்லுங்க" என்று சிரிப்புக்கு நடுவில் சொன்னார். மச்சினன் மூட்டைகளை டாக்டரின் காரில் ஏற்றினான். திரும்பி என்னைப் பார்த்தவன், அவன் அக்கா மாதிரியே தன் உதட்டைத் தொட்டுக் காட்டினான்.

துடைத்தேன். எச்சில் இல்லை. கண்ணிலிருந்து அதுவரைக்கும் இறங்கியிருக்கிறது.

பக்கத்தில் வெங்காய மூட்டை இருந்தது என்று எழுதி வைக்கிறேன்.