பன்னிரண்டாவது செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று புளுகுவாய், அதனால் கேட்கவில்லை. இரண்டு மாதமாக நீ போனை எடுக்கவில்லை. எனக்கும் ரோஷம் வந்து, மூன்று வாரமாக நானும் போன் செய்யவில்லை. உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது கடிதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உன் மச்சான் 'நானே பாத்துக்கறேன்' என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷன், பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுமுன் 'பிரேக்க மிதி, பிரேக்க மிதி' என்று கத்துகிறவர், மனநல அமைப்பு ஒன்றில் தொண்டராகச் சேரப் போகிறேன் என்றபோது சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அங்கே வேலையே காது கொடுப்பதுதானாம். புத்தி சொல்லக் கூடாதாம். பயிற்சியின் முதல் நாளே ஒருவரிடம் 'காலையில எழுந்து நடங்க, எல்லாம் சரியாயிடும்' என்று ஆரம்பித்து, பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. மறுநாளும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

ஏதோ துக்கத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போன ஓர் அம்மா, வாரம் ஒரு முறை யாராவது போன் செய்யுங்கள் என்று எழுதிக் கேட்டிருந்தார். அது இவர் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. எடுத்தால் பேச வேண்டும். எடுக்காவிட்டால் பத்து முறை அடிக்கவிட்டு வைத்துவிட வேண்டும். பதினொரு வாரம் அந்த அம்மா எடுக்கவே இல்லை.

பன்னிரண்டாவது வாரம் இவர் தானாக ஒரு முடிவெடுத்தார். 'சும்மா சும்மா ஹாரன் அடிக்காத, முன்னாடி போறவன் பதறிடுவான்' என்று பாடம் நடத்துகிறவர் அல்லவா? நாம் தொல்லைதான் கொடுக்கிறோம் என்று நினைத்துப் போன் செய்யாமல் இருந்துவிட்டார். கால் மணி நேரத்தில் அந்த அமைப்பின் அலுவலகப் போன் அடித்திருக்கிறது. 'இன்னிக்கு போன் வரலையே, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்று ஒரு குரல். அந்த அம்மாவேதான். ஏழு மாதத்தில் அவர் இன்னொரு ஆளிடம் பேசியது அதுதான் முதல் தடவையாம்.

இதில் ஒரு வார்த்தைகூட உன் மச்சான் என்னிடம் சொல்லவில்லை. அங்கே கேட்டது வாசல் தாண்டக் கூடாது. போன ஞாயிறு அவர்களுடைய ஆண்டுக் கூட்டத்தில் அந்த அம்மாவே மைக்கைப் பிடித்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் குளித்துத் தலை வாரி, போன் பக்கத்தில் உட்கார்ந்து, பத்தும் அடித்து ஓயும்வரை எண்ணுவாராம். 'எடுக்கத்தான் தெம்பில்ல. ஆனா அது அடிக்கணும்' என்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. உன் மச்சான் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தவர் நிமிரவே இல்லை. இத்தனை வருஷம் கூட இருந்தும் இந்த மனிதரை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை.

தம்பி, உன் வேலை போனது எனக்குத் தெரியும். உன்னோடு வேலை பார்த்தவர் சொன்னார். அந்த மூன்று வாரம் நான் போன் செய்யாமல் இருந்தது தப்பு. மன்னித்துக்கொள்.

இனி ஞாயிறுதோறும் உன் ஊர் நேரம் காலை பத்து மணிக்கு என் போன் வரும். நீ எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. எடுத்தால் சத்தியமாகப் புத்தி சொல்ல மாட்டேன். நீ பேசாவிட்டால் நானும் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். எடுக்காவிட்டால் பத்து முறை அடிக்கவிட்டு வைத்துவிடுவேன். என்றைக்காவது வராவிட்டால், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று நீ கேட்க வேண்டும்.

நீ நன்றாக இருப்பாய், என் கண்ணே. போனுக்கு மட்டும் சார்ஜ் போட்டு வை.

என்றும் உன்,
அக்கா